முதலாளியின் தண்ணீர்

"இருக்கிறதுலயே மட்டமா சுத்தம் பண்ற ஃபில்டர் எது அக்கா?" என்று ஸீடோ கேட்டபோதே அவன் மண்டையில் ஒரு போடு போட்டிருக்க வேண்டும். கையில் ஈர வலை இருந்தது. அவன் எட்டுகிற தூரத்தில்தான் நின்றான்.

வரிசையாக வளர்ப்பு மீன் கடைகளே இருக்கிற எங்கள் தங்கமீன் தெருவுக்கு வீட்டுத் தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்ய வடிகட்டி கேட்டு வருகிறவர்கள் இரண்டு ரகம். ஒருத்தன் இருப்பதிலேயே நல்லதைக் கேட்பான், விலையைச் சொன்னதும் இருமுவான். இன்னொருத்தன் மலிவானதைக் கேட்பான், ஆனால் அது பெரிய ஓட்டல் வாசலில் இருக்கிற தொட்டி மாதிரி பளிச்சென்று ஆக்கித் தரவேண்டும் என்பான். மட்டமாகச் சுத்தம் செய்கிற ஒன்று வேண்டும் என்று வந்து நின்றவனை நான் கண்டதே இல்லை.

"எனக்குக் காது அடைச்சிருக்கு போல. இன்னொரு வாட்டி சொல்லு."

"சின்னதாக்கா. சும்மா பேருக்கு ஒண்ணு ஓடிட்டிருந்தா போதும்."

"உன் வீட்ல இருக்கிறது லோஹான் மீன்டா. நெத்தியில பந்து மாதிரி வீங்கிக்கிட்டு, எருமை மாதிரி தின்னுட்டு எருமை மாதிரியே கழியுற ஜாதி. அதுக்குப் போயி பேருக்கு ஒண்ணு போட்டா ஒரே வாரத்துல தொட்டி சாக்கடையாயிடும்."

"பரவால்லக்கா."

"உனக்குப் பரவால்லடா. உள்ள கிடக்கிறது நீயா?"

அவன் சுவர் முழுக்கத் தண்ணீரோடு கட்டிய மீன் பைகள் தொங்குகிற கம்பிவலையையே பார்த்துக்கொண்டு நின்றான். தெருவில் என்னைப் பேத்தை மீன் என்றுதான் கூப்பிடுவார்கள். தொட்டால் ஊதிக்கொள்ளும், முள்ளை நீட்டும், உள்ளே விஷமும் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். கூப்பிட்டுக்கொள்ளட்டும். கடையை என் புருஷன் நடத்தினால் மீன்களை ஊருக்கெல்லாம் தானம் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஸீடோ சிவப்பு மினிபஸ் ஓட்டுகிறவன். எங்கள் தெருமுனையில்தான் அவன் வண்டி ஆள் சேர்கிற வரை நிற்கும். ஆனால் இதுவரை சாமான் வாங்கக் கடைக்கு வந்துகொண்டிருந்தவள் அவன் பெண்டாட்டி யுக்லான். அவளுக்கு டிம்சம் கடையில், ஆவியில் வேகவைத்த பலகாரங்களை மேசை மேசையாகக் கொண்டுபோகிற தள்ளுவண்டி தள்ளுகிற வேலை. விடுமுறை நாளில் ஒரு டப்பா கோழிக்கால் எடுத்துக்கொண்டு வருவாள். நாங்கள் இருவரும் அதைச் சப்பிக்கொண்டே புழு உணவின் விலைக்காக அரைமணி நேரம் சண்டை போடுவோம். சண்டையில் ஜெயித்ததும் அவளே முழு விலையையும் கொடுத்துவிட்டுப் போவாள். அவளுக்குச் சண்டைதான் வேண்டும், தள்ளுபடி இல்லை.

அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. மீன்தான். அதற்கு முதலாளி என்று பேர் வைத்தவள் அவள்தான்.

"பின்ன என்னக்கா? ஒரு வேலையும் செய்யாது. நாள் முழுக்கத் தின்னும். நாம கதவைத் திறந்து உள்ள நுழைஞ்சா, இவ்ளோ நேரம் எங்க போயித் தொலைஞ்சன்னு கண்ணாடிக்கிட்ட வந்து முறைக்கும். முதலாளி இல்லாம வேற யாரு?"

அவர்கள் தொட்டியின் தலைக்கு மேல் ஒரு பழைய வடிகட்டித் தட்டு இருந்தது. அதன் மோட்டார் எரிந்துபோய்விட்டது, அதனால்தான் ஸீடோ வந்திருந்தான். கடைசியில் அவன் பொறுக்கி எடுத்தது கட்டைவிரல் அளவு பஞ்சு உருளை. ஒற்றைச் சண்டைமீனைக் கண்ணாடிச் சாடியில் வளர்க்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குவது. "யுக்லான் என்னைக் கொன்னுடுவாடா" என்றேன். "அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் வந்தான். இந்தத் தடவை எதையும் வாங்கவில்லை. தொட்டிகளுக்கு நடுவே இப்படியும் அப்படியும் நடந்தான். பிறகு கேட்டான்:

"அக்கா, லோஹான் அவ்ளோ சீக்கிரம் சாகாதோ?"

"சாகாது. கெட்டி மீன். ஏன்?"

"தண்ணி மஞ்சளாயிடுச்சு. நெத்தி வத்திப்போச்சு. ஆனா இன்னும் சோறு திங்குது."

அவன் அதைச் சொன்ன விதத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோறு தின்பது ஏதோ குற்றம் போல அல்லவா சொல்கிறான்! கையைப் பிடித்து இழுத்துப் பின்பக்கம் உட்கார வைத்தேன். "இப்ப வாயத் திற. இல்லேன்னா நானே உன் வீட்டுக்கு வந்து அந்த மீனை எடுத்துட்டு வந்துடுவேன். எங்க அந்தக் கழுதை, உன் பெண்டாட்டி? ஏன் வர்றதில்ல?"

வாயைத் திறந்தான். யுக்லானுக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே கல்லீரல் வரைக்கும் போய்விட்டது. முதுகு வலி, வண்டி தள்ளித்தள்ளி வந்த வலி என்று பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே திரிந்திருக்கிறாள். அறுக்க முடியாது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்கலாம் என்ற வார்த்தையை ஸீடோ இரண்டு தடவை சொன்னான்.

 அடிப்பாவி, கோழிக்காலைச் சப்பிக்கொண்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"எங்கூடப் பொறந்த அக்கா சொல்றாங்க," என்றான். "வீட்ல மீன் எதுக்கு வெச்சிருக்கோம்? வர்ற கெட்டதை அது வாங்கிக்கணும்னுதானே? எங்க சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தப்போ அவர் வீட்டு டிராகன் மீன் செத்துச்சு. அவர் எழுந்து நடந்தாரு. நீங்களும் சொல்லியிருக்கீங்களே. எங்க முதல் மீன் செத்தப்போ."

சொல்லியிருப்பேன். சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் யார்? மீன் செத்துப்போய்க் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் எல்லாக் கடையிலும் சொல்வதுதான்: கவலைப்படாதீங்க, உங்க வீட்டுக்கு வர இருந்ததை அது தன் மேல வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு. வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டு அடுத்த மீனைப் பார்ப்பார்கள். வியாபாரத்துக்காக மட்டும் சொல்வதில்லை. என் புருஷன் ஏணியிலிருந்து விழுந்து ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் எழுந்த அன்றைக்கு, கடையில் இருந்த பெரிய வெள்ளி மீன் தொட்டியிலிருந்து துள்ளித் தரையில் விழுந்து செத்துக் கிடந்தது. நாங்கள் அதற்கு ஊதுவத்தி ஏற்றி வணங்கினோம். நான் இதையெல்லாம் நம்புகிறவள்தான். நம்பாதவள் போல நடிக்கவா முடியும்?

"அப்ப நீ மீனைச் சாகடிக்கப் பாக்குற."

"இல்ல!" என்று பதறினான். "நாமளா கொன்னா அது கணக்குல சேராதுக்கா. தானாப் போகணும். நான் ஒண்ணும் பண்ணல. நல்ல ஃபில்டரா வாங்கல, அவ்ளோதான். எத்தனை வீட்ல நல்லதா வாங்காம இருக்காங்க? அவங்கல்லாம் கொலைகாரங்களா?"

அட மடையா. பெண்டாட்டியைக் காப்பாற்றச் சாமியையே ஏமாற்றப் பார்க்கிறான், அதுவும் ஒரு பஞ்சு உருளையை வைத்து! சிரிப்பு வந்தது. அந்த மீன் அவன் விரலின் பின்னாலேயே தொட்டி முழுக்க ஓடுகிற மீன். சின்னக் குஞ்சாக என் கடையில் இருந்தபோது, ஸீடோ மினிபஸ்ஸை அப்படியே ரோட்டில் நிறுத்திவிட்டு அதனுடன் விளையாடிக்கொண்டிருந்ததில் போலீஸ்காரன் அபராதம் எழுதியிருக்கிறான். இப்போது தினமும் வீட்டுக்குப் போய், இன்றாவது செத்திருக்குமா என்று அதன் முகத்தைப் பார்க்கிறான்.

"அதுவும் என்னைப் பாக்குதுக்கா," என்றான். "கலங்கின தண்ணிக்குள்ள இருந்து வந்து விரலுக்காக நிக்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? மீனா பெருசு, யுக்லானா?"

நான் அவனுக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். திட்டவில்லை. அவன் போன பிறகு, அந்தப் பஞ்சு உருளைகூட அந்தத் தொட்டிக்குக் கொஞ்சம் அதிகமோ என்று எனக்கே ஒரு நினைப்பு வந்தது. உண்மையைச் சொல்வதற்கு என்ன? எனக்கும் யுக்லான்தான் வேண்டும். மீன் என் கடையில் ஆயிரம் கிடக்கிறது.

அடுத்த மாதம் ஒரு மத்தியான வேளையில் யுக்லானே வந்து நின்றாள். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை என்றால் நம்புங்கள். தலையில் பின்னல் தொப்பி. முகத்தில் கண்ணும் பல்லும்தான் மிச்சம். தோல் முழுக்க மஞ்சள். கையில் ஒரு குடிதண்ணீர் பாட்டில், அதற்குள்ளும் மஞ்சள்.

"என்னக்கா முழிக்கிற? ஓசியில கோழிக்கால் வரலைன்னா ஆளே மறந்துடுமா?"

"அடியே, இந்த வெயில்ல உன்னை யாரு வரச் சொன்னது? போன் பண்ணினா நான் வரமாட்டேனா?"

"வந்தா வீட்ல உன்னோட சண்டை போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரங்க போலீசக் கூப்பிடுவாங்க."

ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டேன். அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பாட்டிலை நீட்டினாள். தொட்டித் தண்ணீர். அதில் கொஞ்சம் எடுத்துச் சோதனைச் சொட்டுகளை விட்டதும் கரும்பச்சையாக மாறியது. மீனின் கழிவு தண்ணீரிலேயே நஞ்சாக நிற்கிறது என்று அர்த்தம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவளுக்கே தெரியும்.

"நல்லதா ஒண்ணு வேணும்க்கா. ஒவ்வொண்ணாக் காட்டு."

என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "இருக்கிறதே போதும்டி," என்றேன். "தண்ணியக் கொஞ்சம் மாத்தினா சரியாயிடும். இப்ப உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உன் கடையில ஒருத்தி பொருள் கேட்டு, நீ வேணாம்னு சொல்லி இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றாள். "அவரு வந்தாரா?"

நான் சொட்டு மருந்துப் புட்டியை மூடினேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

"அவர் என்ன பண்றாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கெல்லாம் பம்பை நிறுத்தி வெக்கிறாரு. திரும்பி வந்ததும் போட்டு விடுறாரு. ரெண்டு நாள் முன்னாடி மீனுக்கு முன்னாடி உக்காந்து, மன்னிச்சுக்கோ முதலாளி, மன்னிச்சுக்கோன்னு அழுதுட்டிருந்தாரு. நான் தூங்குறதா நெனப்பு." சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். "முட்டாள் மனுஷன்."

"யுக்லான், ஒருவேளை அது நெஜமாவே வாங்கிக்கிச்சுன்னா?" என்றேன். சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அது போயி நீ இருந்தா நல்லதுதானேடி?"

"அது போயி நான் இருந்தா நல்லதுதான். ரெண்டு பேருமே போயிட்டா?" என்றாள். "டாக்டர் என்ன சொன்னாருன்னு அவருக்குப் பாதிதான் தெரியும். மீதி எங்கிட்ட சொன்னாரு. நான் போயிடுவேன்க்கா. அது தெரிஞ்சுபோச்சு. சாயங்காலம் அவர் வண்டிய விட்டுட்டு வந்து கதவத் திறந்தா, உள்ள ஏதாவது ஒண்ணு அவர் பக்கம் திரும்பிப் பாக்கணும். பாக்கலேன்னா அவர் இருக்க மாட்டாரு. உனக்கு அவரைத் தெரியாது."

அதற்கு மேல் நான் என்ன தடுப்பது? எழுந்து, இருக்கிற வடிகட்டிகளை எல்லாம் எடுத்து அவள் காலடியில் பரப்பினேன்.

முதலில் உருளை டப்பா. தொட்டிக்குக் கீழே அலமாரியில் மறைத்து வைக்கலாம், குழாய் வழியாகத் தண்ணீர் போய்வரும், சத்தமே இருக்காது, இருப்பதிலேயே ஒசத்தி. "கழுவணும்னா?" என்று கேட்டாள். குழாயைக் கழற்றி, பூட்டைத் திறந்து, உள்ளே இருக்கிற அடுக்குகளை வரிசை மாறாமல் எடுக்க வேண்டும் என்றேன். "அவரா? ஜட்டியையே திருப்பிப் போட்டுக்கிட்டுப் போற ஆளு. எடுத்து வை ஓரமா."

அடுத்தது ஊதா விளக்கு. பச்சைத் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி ஆக்கும். ஆனால் பார்வைக்குத்தான் சுத்தம், கழிவு உள்ளேயே இருக்கும். விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும், அதன் வீரியம் போய்விட்டது வெளியே தெரியாது. பிறகு கரிப்பொட்டலம். நாற்றத்தையும் நிறத்தையும் இழுக்கும், நிரம்பிவிட்டால் சும்மா கிடக்கும், அதுவும் தெரியாது.

"கண்ணுக்குத் தெரியாம உள்ளுக்குள்ளயே தீர்ந்துபோறது எதுவும் வேணாம்க்கா," என்றாள். "அதுல எனக்கு நல்ல அனுபவம்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியில் எதையோ தேடுவது போல நின்றேன். தேடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

கடைசியில் அவள் எடுத்தது பழைய மாதிரியேதான். தொட்டியின் தலைமேல் உட்கார்கிற அகலத் தட்டு. அவர்கள் வீட்டில் எரிந்துபோனதைவிட ஒரு அளவு பெரிது. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும், அது வெள்ளைப் பஞ்சின் வழியாக இறங்கி, கீழே பீங்கான் வளையங்களில் நனைந்து, திரும்பத் தொட்டியில் விழும். வளையங்களில்தான் கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் குடியிருக்கும், அதைத் தொடவே கூடாது. பஞ்சு மட்டும் அழுக்கானால் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசு வைக்கலாம். மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

"பஞ்சு கறுத்தா மாத்து, மத்ததத் தொடாதே. இவ்ளோதானே? இதை அவருக்குச் சொல்லிடலாம்."

"ஆனா சத்தம் போடும்டி. தண்ணி விழுற சத்தம், மோட்டார் சத்தம் எல்லாம். ஒரே அறை வீடு வேற."

"போடட்டும். வீட்ல ஒரு சத்தம் இருக்கட்டும்."

என் கடையில் நான் அழுதது கிடையாது. அன்றைக்கும் அழவில்லை, அவளுக்கு முன்னால். மூக்கைச் சிந்திக்கொண்டு விலையைச் சொன்னேன். அவள் உடனே, "கொள்ளைக்காரி" என்றாள். நான், "சாகப்போறவளாச்சேன்னு பாத்தா நாக்கு மட்டும் நல்லா இருக்கு" என்றேன். பெரிய நிம்மதி இருவருக்கும். நன்றாகச் சண்டை போட்டோம். கடைசியில் அவள் வழக்கம்போல முழு விலையையும் எண்ணி வைத்தாள். நான் திருப்பித் தள்ளினேன். "வாங்கலேன்னா இது என் தொட்டியில ஓடாது" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

போகும்போது என் கையைப் பிடித்தாள். குச்சியாக இருந்தது விரல். "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக் கூடாதுக்கா. எப்பவும். எனக்காகப் பண்ணது எனக்கே தெரிஞ்சுபோச்சுன்னா கூசிப்போயிடுவாரு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அந்தத் தட்டைக் கடையிலிருந்து எடுத்துப்போக ஸீடோதான் வந்தான். வந்த வேகத்திலேயே கத்தினான். "ஏன்கா குடுத்தீங்க? எல்லாத்தையும் உங்ககிட்ட சொன்னேனே! நீங்களும் இப்படிப் பண்ணலாமா?"

"உன் பெண்டாட்டி வந்து கேட்டா, மாட்டேன், நீ பொழைக்கணும்னா மீன் சாகணும்னு சொல்லச் சொல்றியா?" என்று நானும் கத்தினேன். பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "போயி அவ மூஞ்சியப் பாத்து, இதை மாட்ட மாட்டேன்னு நீ சொல்லு. சொல்லிட்டு எடுத்துட்டு வா. காசத் திருப்பித் தர்றேன்."

அவனால் எப்படிச் சொல்ல முடியும்? பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். யுக்லான் கட்டிலில் சாய்ந்துகொண்டு, இப்படி வை, அப்படி இல்லை, பஞ்சு மேலே, வளையம் கீழே என்று சொல்லச் சொல்ல அவனே மாட்டியிருக்கிறான். மோட்டாரைப் போட்டதும் அவள் கைதட்டினாளாம். அதைப் பிறகு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது அவன் முகம் கல்லாக இருந்தது.

தண்ணீர் தெளிந்தது. தெளியாமல் என்ன செய்யும்? நான் கொடுத்த பொருள். முதலாளிக்கு நெற்றி திரும்பவும் புடைத்தது, உடம்பில் சிவப்பு ஏறியது. பஞ்சு வாங்க வரும்போதெல்லாம் ஸீடோ அதைச் சொல்வான், ஏதோ எதிரியைப் பற்றிச் சொல்வது போல. "அவளால ரெண்டு ஸ்பூன் கஞ்சி முழுங்க முடியல. அது இன்னைக்கு விரலக் கடிக்குது." இன்னொரு நாள், "அவ மஞ்சளாயிட்டே போறா. அது சிவப்பாயிட்டே போகுது" என்றான். நான் பஞ்சைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.  கோயிலுக்குப் போய்க் குறி கேட்கிற குச்சிகளைக் குலுக்கிப் பார்த்தேன். வந்த சீட்டைப் படிக்காமலே அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் யுக்லான் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில்தான். சாவு வீட்டுக் கூடத்தில் ஸீடோவின் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, "மீன் வெச்சிருந்து என்ன பிரயோஜனம்? ராசி இல்லாத மீன்" என்றாள். அவளை ஒரு அறை அறைந்திருப்பேன். என் புருஷன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ரொம்ப நாள் ஸீடோ வரவில்லை. மினிபஸ்ஸும் முனையில் நிற்கவில்லை. நான் ஆளை விட்டு விசாரித்தேன். வேலைக்குப் போவதில்லை என்றார்கள். நானே போய்க் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இருந்ததால்தான் திரும்பி வந்தேன், இல்லையென்றால் கதவை உடைத்திருப்பேன்.

ஒரு காலையில், கடை ஷட்டரை நான் தூக்கும்போதே வந்து நின்றான். சட்டைக் கையில் துக்கத்துக்குக் குத்துகிற கறுப்புத் துணித்துண்டு. தாடி. குளித்து எத்தனை நாளோ. வாளியில் மீனோடு வந்திருப்பான், இந்தா எடுத்துக்கோ என்று வைத்துவிட்டுப் போவான் என்று பயந்துபோய்க் கையைப் பார்த்தேன். கை காலியாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்," என்றான். "நாங்க பேப்பர்ல செஞ்ச வீடு, துணிமணி எல்லாம் அவளுக்குப் போய்ச் சேரணும்னு எரிச்சோம்ல? எங்க அக்கா ஒரு மீன்தொட்டியும் செய்யச் சொல்லியிருந்தாங்க. கடைக்காரன் நல்லா செஞ்சிருந்தான், உள்ள மீனெல்லாம் வெச்சு. எரிஞ்சு முடிஞ்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அதுல ஃபில்டர் இல்ல. அங்க அவ தண்ணிக்கு என்ன பண்ணுவா?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அந்தக் கவலையோடு எத்தனை நாள் படுத்திருந்தானோ. நான் ஷட்டரைப் பாதியிலேயே விட்டுவிட்டு, "அட்டைய வெட்டி நானே ஒண்ணு செஞ்சு தர்றேன்டா. தட்டு, பஞ்சு, வளையம் எல்லாம் வெச்சு. கல்லறைக்குப் போற அன்னைக்கு எரிச்சுடு, அவளுக்குப் போய்ச் சேரும்" என்றேன்.

தலையாட்டினான். தரையில் அப்படியே உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், என் முழங்கால் வலியோடு.

"அது அவளுக்காகச் சாகலக்கா," என்றான். "நான் யோசிச்சுப் பாத்துட்டேன். அது வத்திப்போயி நல்லா சாகிற மாதிரிதான் இருந்துச்சு. அவ வந்து உங்ககிட்ட அந்த ஃபில்டரை வாங்கினா. வாங்கின நாள்லேருந்து அது தேறிச்சு, அவ போயிட்டா. மாத்தி நடந்துடுச்சு. அவதான் மீனுக்கு வந்ததைத் தன் மேல வாங்கிக்கிட்டா."

"சீ, வாய மூடு. அப்படியெல்லாம் கிடையாது."

"நீங்க சொல்றதுக்கு மட்டும் உண்டு, நான் சொன்னா கிடையாதா?"

 அவள் உன்னை நினைத்துத்தான் அதை வாங்கினாள், இந்த வாளியின் மேல் உட்கார்ந்து உன்னால் எதைக் கழுவ முடியும், எதை முடியாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியம் செய்த கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"அவ போன அன்னைக்கு வீட்டுக்கு வந்து, அதைத் தூக்கி வெளிய போடணும்னுதான் தொட்டிக்குள்ள கைய விட்டேன்," என்றான். "உள்ளங்கையில வந்து படுத்துக்கிச்சு. எங்க போயிருந்தேன்னு கேக்குற மாதிரி பாத்துச்சு. என்னால முடியலக்கா. அவ உயிரக் குடுத்து வாங்கின தண்ணியில அது இருக்கு. அதை நான் எப்படிச் சாக விட முடியும்? எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு நான் மாத்திரை வாங்கி வெச்சிருந்தேன். ஆனா நான் இல்லேன்னா பஞ்சை யாரு மாத்துவாங்க?"

தெருவில் மற்றக் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. நான் அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். அடித்தேன் என்றுகூடச் சொல்லலாம். மாத்திரையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட வேண்டும், இன்றைக்கே, இப்போதே என்று கத்தினேன். அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தான். அதைக் கேட்பேன் என்று தெரிந்துதான் கொண்டுவந்திருந்தான்.

"லோஹான் எவ்ளோ காலம் இருக்கும்க்கா?"

"நல்லா பாத்துக்கிட்டா பத்து வருஷம்கூட இருக்கும். உன்னோடதுக்கு இப்பத்தான் மூணு வயசு ஆகுது."

அவன் மனசுக்குள் கழித்துப் பார்த்தான். உதடு அசைந்தது. முகம் ஒரேயடியாகச் சோர்ந்துபோனது.

"அவ்ளோ வருஷம் நான் இருந்தாகணுமா?" என்று கேட்டான்.

"இருந்தாகணும்," என்றேன்.

 அவன் எழுந்து, ஒரு கட்டுப் பஞ்சு வேண்டும் என்றான்.